பெரிய எழுத்து

காளவாசல் சிக்னல் பக்கம்,
பரோட்டாக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில்
பதினோரு வருஷமாக
டெக்சாஸில் ஒரு சபையின் ஞாயிற்றுக்கிழமையைத்
தட்டச்சு செய்கிறேன்.
அவர்கள் ஆராதனை முடிந்து சாப்பிடப் போகையில்
எங்களுக்கு நள்ளிரவு.
கீழே கொத்துக் கரண்டி ஓயாது.
காதுக்குள் பாஸ்டர் டேல்.

நான் கருமாத்தூர்க்காரி.
எங்கள் சாமிக்குக் கிடாய் வெட்டுவோம்.
வேதம் எனக்கு ஹெட்போன் வழியாக வந்தது,
பின்னால் போக இடது பெடல்,
முன்னால் போக வலது.
லேவியராகமம் எனக்கு எழுத்துப் பிழையில்லாமல் தெரியும்.

முதல் வருஷம்
தன் அப்பாவின் பருத்திக்காடு ஏலம் போன கதையைச் சொன்னார்.
டிராக்டருக்கு விலை கேட்டபோது
அப்பா தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.
குரல் உடைந்தது. பதினான்கு விநாடி.
'மௌனம்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
என் அப்பா கூட்டுறவு வங்கி வாசலில்
துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றதைப்
போட இடமில்லை.

எப்போது மாறினார் என்று கேட்டால்
கோப்புகளைத் தேடித்தான் சொல்லவேண்டும்.
ஒரு வருஷம் பள்ளிக்கூட போர்டுக்குத் தேர்தல் வந்தது.
ஒரு வருஷம், நூலகத்திலிருந்து எடுக்கவேண்டிய புத்தகங்கள்;
ஒவ்வொரு தலைப்புக்கும் ஸ்பெல்லிங் சரிபார்த்தேன்.
பிறகு நீதிபதிகளின் பெயர்கள்,
தீர்க்கதரிசிகளின் பெயர்களைச் சொல்லும் அதே குரலில்,
மூச்சுவிடாமல்.
'ஆமென்' குறைந்தது.
'கைதட்டல்' கூடியது.
காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனவர்
வேலியைப் பற்றியே பேச ஆரம்பித்தார்.

போன வருஷம் பருத்திக்காட்டுக் கதையை மறுபடி சொன்னார்.
ஏலம் விட்ட வங்கி அதில் இல்லை.
வங்கி நின்ற இடத்தில்
'அவர்கள்' நின்றார்கள்.
மௌனம், நான்கு விநாடி.

ஒரு ராத்திரி பக்கத்து ஸீட் ஷாகிதாவுக்குக்
கோப்பு மாறிப் போய்விட்டது.
அவளைப் போன்றவர்களைப் பற்றி நாற்பது நிமிடம்.
அடித்து முடித்தாள்.
துல்லியம் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு.
"இந்தாளுக்கு மூச்சு வாங்குதுடி, வயசாயிருச்சு" என்றாள்.
டீ குடிக்கப் போனவள்
அரை மணி நேரம் வரவில்லை.

எங்கள் விதிப்புத்தகம், பக்கம் ஆறு:
ஆண்டவரைக் குறிக்கும் 'அவர்' பெரிய எழுத்தில் தொடங்கும்.
மற்ற எல்லா அவரும் சின்ன எழுத்தில்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு.
"அவர் வருகிறார்.
அவரை இகழ்ந்தார்கள்.
அவர் நமக்காக நிற்கிறார்.
அவர் இந்தத் தேசத்தை நமக்குத் திரும்பத் தருவார்."
இடது பெடல். மறுபடி. இடது பெடல்.
மொத்தம் பதினேழு அவர்.
சிலுவையில் இருப்பவரா
சீட்டில் இருப்பவரா
கேட்டுக் கேட்டும் பிடிபடவில்லை.
கீழே கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.
பதினேழையும் சின்னதாக அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கோப்பு திரும்பி வந்தது
பதினேழு சிவப்புக் கோடுகளோடு.
தரக்குறைவுக்கு நூற்றெழுபது ரூபாய் பிடித்தம்.
ஒரு அவருக்குப் பத்து.

விடிகாலை ஐந்து மணிக்கு இறங்கினால்
சிக்னலில் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள்.
மாவட்டத்துக்கு வரும் தலைவர்,
கையில் வேல், பின்னால் மயில்.
'எங்கள் குலதெய்வமே வருக.'
ஏணியில் நின்ற பையன்
"அக்கா, நேரா இருக்கா பாருங்க" என்றான்.

தமிழில் பெரிய எழுத்தே கிடையாது,
எங்களுக்கு எல்லா அவரும் ஒரே உயரம் என்று
ஷாகிதாவிடம் பீற்றிக்கொண்டது அப்போதா ஞாபகம் வரவேண்டும்.
அந்த 'வருக'வின் 'வ' மட்டும்
என் இடுப்பளவு இருந்தது.

"இடது பக்கம் கொஞ்சம் இறக்கு" என்றேன்.
இறக்கினான்.
"இன்னும்" என்றேன்.